தண்ணீரை நம்பாத கோமதி

செவ்வாய்க்கிழமை காலை, புணேயின் வாகட் பகுதியில் எங்கள் குடியிருப்பு வாசலில் வெந்தயக்கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது சுந்தர் அழைத்தார். கோமதியின் கணவர். அவராக என்னை அழைத்ததே இல்லை. எதுவானாலும் கோமதிதான் பேசுவார். "லலிதாக்கா, கோமதி போயிட்டா" என்றார். "ஏரிக்கா? இன்னைக்குப் போறதா எங்கிட்டச் சொல்லலியே" என்று கேட்டேன். மறுமுனையில் அவர் உடைந்து அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. கீரைக்காரர் கட்டை நீட்டியபடியே நின்றார். அதை வாங்கிக்கொள்ளவும் தோன்றவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தோன்றவில்லை.

கோமதி அன்று ஏரிக்குத்தான் கிளம்பியிருக்கிறார். விஷ்ராந்த்வாடியில் வீட்டருகே பஸ்ஸுக்காக நின்றவர், தலையைப் பிடித்துக்கொண்டு நடைபாதை ஓரம் உட்கார்ந்தாராம். அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆட்டோ ஓட்டுநர் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். சுந்தர் வந்து சேரும்வரை அங்கேயே காத்திருந்து, பையை அவர் கையில் ஒப்படைத்த பிறகே போனார். பையில் சாப்பாட்டு டப்பாவும் குடையும் பன்னிரண்டு காலி பாட்டில்களும் இருந்தன. ஒவ்வொரு பாட்டிலிலும் இடத்தின் பெயரை முன்கூட்டியே எழுதி ஒட்டியிருந்தார். கோமதிக்கு நாற்பத்தொன்பது வயது. என்னைவிட ஒன்பது வயது இளையவர்.

புணே தமிழர்களுக்கான இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலருக்குக் கோமதியைத் தெரியும். நவராத்திரிக்கு அவர் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அம்பாசமுத்திரத்துப் பக்குவத்தில் அவர் தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் சொதியைச் சாப்பிட்டிருப்பீர்கள். பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டுச் சாப்பிடாத ஒருத்தி மீன் ஆராய்ச்சி செய்கிறாளே என்று அவரைக் கேலி செய்திருப்பீர்கள். அவரும் சிரித்திருப்பார். ஆனால் ஏரிக்கரையில் அவர் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் மகள் அபர்ணா, மின்மயானத்திலிருந்து திரும்பும்போது காரில் என்னிடம் சொன்னாள்: "ஆன்ட்டி, அம்மா அங்க எக்ஸாக்ட்டா என்ன பண்ணாங்கன்னு எனக்கே பூரா தெரியாது. நீங்க எழுதுங்க. எனக்குத் தமிழ் படிக்க வராது, அப்பா படிச்சுக் காட்டுவாங்க." அதனால் எழுதுகிறேன். எழுத வேண்டியதில் கோமதியின் நல்ல குணம் மட்டும் இல்லை. என்னுடைய பிழையும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

கோமதியை முதன்முதலில் பார்த்தபோது நான் போசரி தொழிற்பேட்டையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேதியியல் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். தண்ணீர், கழிவுநீர், மண் என்று நாள் முழுக்க மாதிரிகள் வந்தபடி இருக்கும். அளந்து, அட்டவணை போட்டு, கடைசி வரியில் 'வரம்புக்குள் உள்ளது' என்றோ 'வரம்பை மீறியது' என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒரு பிற்பகலில் வரவேற்பறையில் யாரோ தமிழ்ப் பெண் காத்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், பருத்திப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, சேறு காய்ந்த செருப்போடு ஒருவர் நின்றிருந்தார். கையில் நான் கையெழுத்திட்ட ஆறு வருட அறிக்கைகளின் நகல்கள்.

சோலாப்பூர் சாலையில் இரண்டரை மணி நேரப் பயணத்தில் உள்ள ஓர் ஏரி அது. கரைக்கு மேலே ஒரு தொழிற்சாலை, அதற்கென்று சொந்தமாக ஒரு நிலக்கரி மின் நிலையம். எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து ஒரு குட்டையில் தேக்குவார்கள். சாம்பல் படிந்ததும் மேலே தெளிந்த நீரைக் குழாய் வழியாக ஏரியில் விடுவார்கள். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் வருடா வருடம் சோதித்துவந்தோம். ஏரியில் மீன்பிடிப்பவர்களின் கூட்டுறவுச் சங்கம் கேட்டுக்கொண்டதால், கோமதி வேலை பார்த்த சிறிய ஆராய்ச்சி நிலையம் அவரை அங்கே அனுப்பியிருந்தது.

"தண்ணியில ஒண்ணுமில்லைங்க. நானே பாத்திருக்கேன்" என்றேன். என் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்திருக்க வேண்டும்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு மேடம். மீனும் கொழுகொழுன்னு நல்லாத்தான் இருக்கு. குஞ்சுதான் இல்ல" என்றார் கோமதி.

தத்தா என்ற மீனவர் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். மழை பிடித்ததும் விரால் மீன் கோரைப்புல்லுக்கு நடுவே முட்டையிடும். குஞ்சுகள் வெளிவந்ததும் ஒரே கூட்டமாக, குங்குமத்தைக் கொட்டினதுபோல நீர்மட்டத்தில் சிவப்பாக மிதக்கும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது என்றாராம் தத்தா. கெண்டைக் குஞ்சுகளை வெளியிலிருந்து வாங்கி வருடா வருடம் விடுவதால் வலையில் மீன் குறையவில்லை. அதனால் ஏரிக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் உறைக்கவில்லை. தானாக இனப்பெருக்கம் செய்யும் மீன்கள் மட்டும் வருடத்துக்கு வருடம் கிழடாகிக்கொண்டு வந்தன.

கோமதி சந்தேகப்பட்டது செலினியத்தை. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அட்டவணையில் ஒரு வரிசைதான். கோமதிதான் அதன் நடத்தையைச் சொன்னார். உயிருக்குத் துளியளவு வேண்டிய பொருள் அது. அந்தத் துளிக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. நிலக்கரிச் சாம்பலிலிருந்து கரைந்து வரும். ஓடுகிற ஆற்றில் அடித்துக்கொண்டு போய்விடும். தேங்கிய ஏரியில் போகாது. சேற்றில் படியும். சேற்றைத் தின்னும் புழுவுக்குப் போகும், புழுவிலிருந்து சிறிய மீனுக்கு, அதிலிருந்து விராலுக்கும் பறவைக்கும். ஏறிக்கொண்டே போகும். தின்ற தாயிடம் வெளியே ஒன்றும் தெரியாது. முட்டையின் மஞ்சள் கருவில் அதை இறக்கி வைத்துவிடும். அந்தக் கருவைத் தின்று வளரும் குஞ்சுக்குத்தான் முதுகெலும்பு வளையும், வயிறு வீங்கும், கண் வராது. "தாயப் பாத்து ஏரிக்குச் சர்ட்டிபிகேட் குடுக்கக் கூடாது. முட்டைய உடைச்சுப் பாக்கணும்" என்பார். தண்ணீர், சேறு, புழு, மீன் முட்டை, பறவை முட்டை ஆகிய ஐந்தையும் பார்த்த பிறகே ஒரு நீர்நிலைக்கு எவ்வளவு ஆபத்து என்று எழுத வேண்டும் என்பது அவர் கணக்கு. நாங்கள் ஆறு வருடமும் முதலாவதை மட்டும் பார்த்திருந்தோம்.

முதலாவதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த முறை கோமதி ஏரித் தண்ணீரைச் சில பாட்டில்களில் கொடுத்துவிட்டுப் போனார். வழக்கம்போல் சோதித்து, வழக்கம்போல் 'வரம்புக்குள்' என்று அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். "மேடம், வெளிய போய் ஒரு டீ குடிப்பமா" என்றார். எங்கள் தெருமுனையில் ஒரு டப்ரி உண்டு. லாரிக்காரர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் நின்று டீ குடிக்கிற தகரக் கடை. அங்கே நின்றபடி அறிக்கையில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "இந்த ஏழாம் நம்பர் பாட்டில் ஏரித் தண்ணி இல்ல. எங்க லேப் தண்ணி. அதுல நானே அளந்து செலினியம் போட்டுத்தான் குடுத்தேன். உங்களுக்கு அது தெரியவேயில்ல."

தண்ணீரில் செலினியம் இரண்டு வடிவில் இருக்கும். எங்கள் கருவி ஒன்றைத்தான் காணும். மற்றதை அந்த வடிவுக்கு மாற்ற, மாதிரியை அமிலத்தில் போட்டுக் கொஞ்ச நேரம் கொதிக்க வைக்க வேண்டும். அந்த ஆறு வருடத்துக்கும் முன், வேலை குவிந்து கிடந்த ஒரு சமயம், கிணற்று நீர் மாதிரிகளில் கொதிக்க வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே அளவுதான் வருகிறது என்று ஆய்வகத்துப் பையன்கள் சொன்னார்கள். "செரி, அப்ப விட்டுருங்க" என்று நான்தான் அனுமதித்தேன். கிணற்றுக்கு அது பொருந்தியது. சாம்பல் தண்ணீருக்குப் பொருந்தவில்லை. அதில் இருந்ததெல்லாம் எங்கள் கருவி காணாத வடிவம். ஆறு வருடமும் நான் எழுதியது பொய் என்று டீக்கடை வாசலில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். என் முகம் எப்படிப் போயிற்றோ, கோமதி என் கையிலிருந்த கண்ணாடி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை அக்கா என்றார். "யாருட்டயும் சொல்லலக்கா. நீங்க சொல்லுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை.

நான்கு மாதம் சொல்லாமல் இருந்தேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. நிர்வாகம் என்ன சொல்லுமோ என்ற பயம். ஆய்வகத்தில் அந்தப் படியை மறுநாளே திரும்பச் சேர்த்துவிட்டேன். இனிமேல் சரியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழைய அறிக்கைகள் பழைய இடத்திலேயே கிடந்தன.

அந்த நான்கு மாதத்துக்குள் மாவட்ட அளவில் ஒரு கூட்டம் நடந்தது. சாம்பல் தண்ணீரை ஏரியில் விடும் அனுமதியைத் தொடர்வதா என்பதுதான் விஷயம். ஆய்வகத்தின் சார்பில் நானும் போயிருந்தேன். கோமதி வேறு மாநிலத்து ஆய்வகம் ஒன்றில் விரால் முட்டைகளைச் சோதித்து வாங்கிய முடிவை எடுத்துவைத்தார். முட்டையில் செலினியம் அபாய அளவைத் தாண்டியிருந்தது. தொழிற்சாலை அதிகாரி எழுந்து, என் ஆறு அறிக்கைகளையும் மேசைமேல் விசிறிபோலப் பரப்பினார். "தண்ணீரில் இல்லாத பொருள் முட்டைக்கு எங்கிருந்து வந்தது? நாங்கள் போடவில்லை. தீவனத்தில் இருந்திருக்கும்" என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். தர்க்கம் சரியாகவே இருந்தது. கூட்டத்தின் தலைவர் என்னைப் பார்த்து, "இவை உங்கள் அறிக்கைகள்தானே?" என்றார். "ஆமாம்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கோமதி என்னைப் பார்க்கவே இல்லை. தன் தாள்களை அடுக்கி ஓரங்களைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார். அனுமதி இன்னொரு மழைக்காலத்துக்கு நீண்டது.

அவர் அங்கேயே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஏழாம் பாட்டிலைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். ஏன் சொல்லவில்லை என்று பின்னாளில் கேட்டேன். "நான் சொன்னா அது புகார். நீங்க சொன்னா அது திருத்தம். புகாருக்குப் பதில் சொல்லிருவாங்க, திருத்தத்துக்குச் சொல்ல முடியாதுல்லா. அதான் காத்திருந்தேன்" என்றார். கொஞ்சம் கழித்து அவரே, "ஆனா அது தப்புக்கா. என் நியாயத்துக்காக ஏரியக் காக்க வச்சிட்டேன். அதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றார். இல்லை என்று நான் மறுத்ததை அவர் ஏற்கவில்லை.

கூட்டம் முடிந்து மூன்று வாரம் இருக்கும். "ஏரிக்கு வாரியளாக்கா, ஒரு நாள்தான்" என்று கூப்பிட்டார். பஸ்ஸில் போனோம். தத்தாவின் படகில் அவர் மனைவி சுனந்தா துடுப்புப் போட, கோரைப்புல் பக்கம் போனோம். முக்குளிப்பான் என்ற சிறிய நீர்ப்பறவை மிதக்கும் கூடு கட்டியிருந்தது. வனத்துறையின் அனுமதியோடு, தாய் கைவிட்டுப் போன கூடுகளிலிருந்து மட்டும் கோமதி முட்டை எடுப்பார். அன்று ஐந்து முட்டைகள் கிடைத்தன. சுனந்தா வீட்டு முற்றத்தில் ஒரு தட்டை வைத்து, கோமதி கத்தரியால் முட்டையோட்டை வட்டமாக வெட்டி, ஒவ்வொன்றாகத் திறந்தார். முதல் இரண்டும் கூழ். மூன்றாவதில் குஞ்சு முழுதாக இருந்தது. அலகின் மேல்பாதி ஒரு பக்கம் போய் முறுகியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று தோலாக இருந்தது. நான்காவதும் ஐந்தாவதும் அப்படித்தான்.

கோமதி அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார், நோட்டில் எழுதினார், கை கழுவினார். சுனந்தா என்னிடம் மராத்தியில், "தாயி, நீங்களும் இதைப் படித்தவர்தானா?" என்று கேட்டார். தாயி என்றால் அங்கே அக்கா. "தண்ணீரைச் சோதிப்பது நான்தான்" என்று என் அரைகுறை மராத்தியில் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, "அப்படியா" என்றார். திரும்பும் வழியில் புணே எல்லையில் ஹடப்சர் வருவதற்குள் கடிதத்தை மனதில் எழுதி முடித்துவிட்டேன். மறுநாள் ஆறு அறிக்கைகளையும் திரும்பப் பெறுவதாகவும், பிழை இன்னது என்றும், அதற்குப் பொறுப்பு நானென்றும் எழுதி, அந்த அறிக்கைகள் போன எல்லா இடத்துக்கும் அனுப்பினேன். அடுத்த வாரம் என்னை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அன்று மாலை கோமதி தூக்குவாளியில் சொதியும் இஞ்சித் துவையலும் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வாகட் வந்தார். ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

திருத்தம் வேலை செய்தது. குழாயை மூடச் சொன்னார்கள். சாம்பலை உலர்வாக எடுத்துப்போகும் ஏற்பாடு வந்தது. ஆனால் அதற்குள் அந்த மழைக்காலம் முழுவதும் சாம்பல் தண்ணீர் ஏரிக்குள் போய் முடிந்திருந்தது. மீனைச் சாப்பிட வேண்டாம் என்று அறிவிப்பும் வந்தது. அதை மக்களிடம் நேரில் சொல்ல வேண்டியவர் கோமதி.

ஏரிக்கரை ஊரார் பள்ளிக்கூட அறையில் கூடினார்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இந்த மீனைத் தொடவே வேண்டாம், மற்றவர்களும் தவிர்ப்பது நல்லது என்று கோமதி மராத்தியில் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "நீ மீனே தின்னாத ஆள். தின்னாதே என்று எங்களுக்குச் சொல்ல உனக்கு வாய் வலிக்குமா?" அறையில் சிலர் சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை. "நீங்கள் சொல்வது சரி. இதில் எனக்கு இழப்பு எதுவும் இல்லை. அதனால் என் பேச்சை நம்ப வேண்டாம். இங்கே வந்து பாருங்கள்" என்று முட்டையிலிருந்து எடுத்த குஞ்சுகள் இருந்த கண்ணாடிக் குப்பிகளை மேசைமேல் வைத்தார். யாரும் வரவில்லை. அவரவர் இடத்திலிருந்தே பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போதுதான் சுனந்தா கேட்டார். "என் மருமகளுக்கு ஆறாம் மாதம். தினமும் இந்த மீனைத்தான் சாப்பிட்டாள். அவள் வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகும்?"

ஏதாவது ஆறுதல் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கோமதி, "தெரியாது" என்றார். "மீனுக்கு என்ன ஆகும் என்று தெரியும். பறவைக்குத் தெரியும். மனிதர்களுக்கு இந்த அளவில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்த டாக்டரிடம் போவோம், நானும் கூட வருகிறேன்." சொன்னபடியே போனார். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு சோதனைக்கும் அந்தப் பெண்ணோடு புணே ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. செய்தி வந்த அன்று நானும் உடனிருந்தேன். கோமதி ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, ஒரு டீயைக் குடித்து, இன்னொன்று வாங்கிக் குடித்தார். "கால் ரெண்டும் நடுங்குதுக்கா, இருங்க, எந்திக்கிறேன்" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். மூன்று மாதமும் பயந்துகொண்டே இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏரியில் வலை வீசுவது நின்றது. தத்தா போசரியில் ஒரு பட்டறையில் பாரம் ஏற்றும் வேலைக்கு வந்துவிட்டார். நான் வேலை பார்த்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். அங்கிருந்த பழைய கருவியில், கோமதி கொண்டுவரும் மாதிரிகளை இருவருமாகச் சோதிப்போம். குழாய் மூடினாலும் சேற்றில் படிந்தது போகாது. வருடக்கணக்கில் புழுவுக்கும் மீனுக்கும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஏரி எப்போது சரியாகும் என்று கேட்பவர்களிடம், "என் ஆயுசுக்குள்ள ஆகும்னு சொல்ல மாட்டேன்" என்பார். சாதாரணமாகத்தான் சொல்வார். நாங்களும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டோம்.

போன மழைக்காலத்தில் சுனந்தா தொலைபேசியில் கூப்பிட்டு, கோரைப்புல் பக்கம் சிவப்பாகத் தெரிகிறது என்றார். அன்றே போனோம். உண்மைதான். இரண்டு கைப்பிடி அளவு இருக்கும், விரால் குஞ்சுக் கூட்டம் ஒன்று, தூறலில் கலைந்து கலைந்து ஒன்றுசேர்ந்தது. பக்கத்திலேயே இன்னொரு கூட்டில் பொரியாத முட்டைகள், தேன் நிறத்தில் மிதந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியா கோமதி, வந்துருச்சு" என்றேன். அவர் சல்லடையால் கொஞ்சம் குஞ்சுகளையும் முட்டைகளையும் எடுத்தார். சுனந்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, லென்ஸை வைத்துக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு லென்ஸை என்னிடம் தந்தார். நேராக நீந்தியவை இருந்தன. பாதிக்குமேல், முதுகு கொக்கிபோல வளைந்து ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன.

"நல்ல சேதியா கெட்ட சேதியா இது? சுனந்தாகிட்ட என்னன்னு சொல்றது?" என்று கேட்டேன்.

"ரெண்டையும் சொல்லுவோம். குஞ்சு வந்திருக்குன்னும் எழுதுவோம், வளைஞ்சிருக்குன்னும் எழுதுவோம். ஒரே வரியில எழுதணும்க்கா. ரெண்டு வரியா எழுதினா, வாசிக்கவன் தனக்குப் பிடிச்ச வரிய மட்டும் எடுத்துக்கிடுவான்" என்றார் கோமதி.

முட்டைகளைக் கல்லூரியின் உறைபெட்டியில் வைத்தோம். கருவி பழுதாகிக் கிடந்தது. சரியானதும் செய்வோம் என்றார். கருவி சரியாவதற்கு முந்தைய வாரம் அவர் போய்விட்டார்.

மின்மயானத்துக்கு ஏரியிலிருந்து பதினோரு பெண்கள் ஒரு டெம்போவில் வந்திருந்தார்கள். சுனந்தாவின் இடுப்பில் பேத்தி. விஷ்ராந்த்வாடிக்காரர்கள், சுந்தரின் அலுவலகத்தார், ஆராய்ச்சி நிலையத்தார் என்று நின்ற கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி அவர்கள் தனியாக நின்றார்கள். உங்களில் சிலர் அவர்கள் யாரென்று என்னிடம் கேட்டீர்கள். அவர்கள் பிழைப்பைக் கோமதிதான் நிறுத்தினார் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது சுனந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களிடம் பொய் சொல்லாதவள் போய்விட்டாள். இனி யார் வருவார்கள்?" என்றார். நான் வருகிறேன் என்றேன். அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. நம்புவதற்கு நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உறைபெட்டியைத் திறந்தேன். முட்டைகளை அமிலத்தில் கரைத்தேன். கொதிக்க வைக்க வேண்டிய நேரம் முழுவதும் அடுப்பின் முன்னால் நின்றேன். உட்காரவில்லை. தெரிந்த அளவு செலினியம் கலந்த ஒரு பாட்டிலையும், எது என்று எனக்குத் தெரியாதபடி, ஒரு மாணவியை விட்டு நடுவில் வைக்கச் சொன்னேன். கருவி அதைக் கண்டுபிடித்தது. ஏரி முட்டைகளில் அளவு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அபாயக் கோட்டுக்குக் கீழே இன்னும் வரவில்லை.

அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது 'குறைந்துள்ளது' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். பிறகு அந்தப் புள்ளியை அடித்துவிட்டு அதே வரியைத் தொடர்ந்தேன்: 'முட்டையில் செலினியம் குறைந்துள்ளது, ஆனால் பாதிக்குமேல் குஞ்சுகள் இன்னும் வளைந்தே பிறக்கின்றன.' கீழே இரண்டு பெயர்களையும் எழுதினேன். அவர் பெயருக்கு நேரே கையெழுத்து இருக்காது.

கோமதியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்த ஒன்றுதான், நல்லதையும் கெட்டதையும் பிரிக்காமல் ஒரே வரியில் எழுதுவது. அவரைப் பற்றிய இந்தக் குறிப்பையும் அப்படியே முடிக்க வேண்டும். கோமதி என்னை மன்னித்துவிட்டார், ஆனால் நான் வாய்மூடி இருந்த அந்த மழைக்காலத்தில் அந்த ஏரியில் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை.